டிரான்ஸீவரும் லீனியரும்: பழுது கண்டறிதலும் பராமரிப்பும்

குறுஅலை அமெச்சூர் வானொலிக் கருவிகள் நீண்ட ஆயுள் கொண்டவை. 1970களில் விற்பனையில் இருந்த யேசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 ஆகிய டிரான்ஸீவர்களும் (கேட்கவும் அனுப்பவும் உதவும் ஒரே கருவி) ஹீத்கிட் எஸ்பி-220 என்னும் வால்வு லீனியர் ஆம்ப்ளிஃபயரும் (டிரான்ஸீவரின் ஆற்றலைப் பெருக்குவது) இன்றும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் சிலரின் மேசைகளில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. உற்பத்தித் தரம் அதற்கு ஒரு காரணம். வைத்திருந்தவர்கள் அவசரப்பட்டு மூடியைக் கழற்றாமல், அளந்து பார்த்துப் பழுது தேடியது அதைவிடப் பெரிய காரணம். 13.8 வோல்ட்டில் இயங்கும் 100 வாட் எச்எஃப் (குறுஅலை) டிரான்ஸீவரையும், அதன்பின் இணைக்கப்படும் 3-500 இசட் வகை வால்வு லீனியரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே வழிமுறைகளைச் சொல்கிறேன். வேறு கருவிகளுக்கு எண்கள் மாறும். தேடும் ஒழுங்கு மாறாது.

நலமாக இருக்கும்போதே எழுத வேண்டிய குறிப்பு

பழுது பார்ப்பதற்கு மிகவும் உதவும் கருவி ஒரு நோட்டுப் புத்தகம்தான் என்பது என் கருத்து. கருவி நன்றாக இயங்கும்போது அதன் அளவுகளை எழுதி வைத்திருந்தால், பின்னாளில் எது மாறியது என்பது உடனே தெரியும். எழுதாதவர் எது சரியான அளவு என்பதையே ஊகிக்க வேண்டியிருக்கும். டிரான்ஸீவரை 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மின்தடை) இணைத்து, ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைத் தொகுதி) சிடபிள்யூ என்னும் மோர்ஸ் முறையில் முழு ஆற்றல் எவ்வளவு வருகிறது, அப்போது பவர் சப்ளையிலிருந்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, கருவியின் பின்புறச் சொருகியில் மின்னழுத்தம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவுக்குப் பேண்டுவாரியாக எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் ஆற்றல் ஆன்டெனாவிலிருந்து திரும்புவதைக் காட்டும் விகிதம்) அளவையும், மாலை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் எஸ் மீட்டர் (சிக்னலின் பலத்தை அளப்பது) காட்டும் இரைச்சல் அளவையும் சேர்த்துக்கொள்வது நல்லது. லீனியர் இருந்தால் ஓய்விலும் முழுச் சுமையிலும் உள்ள உயர் மின்னழுத்தம், டிரைவ் (டிரான்ஸீவரிலிருந்து வரும் உள்ளீடு) இல்லாதபோது ஓடும் பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) மின்னோட்டம், ஒவ்வொரு பேண்டிலும் டியூன், லோட் குமிழ்கள் நின்ற இடம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். டியூன் குமிழ் வழக்கமான இடத்திலிருந்து விலகி நிற்கிறது என்றால் ஆன்டெனாவிலோ கேபிளிலோ ஏதோ மாறியிருக்கிறது என்பதை அந்த ஒரு குறிப்பே சொல்லிவிடும்.

வெளியிலிருந்து உள்ளே

பழுது என்று கொண்டுவரப்படும் கருவிகளில் கணிசமானவற்றில் கோளாறு கருவிக்கு வெளியேதான் இருக்கும். ஆகவே மின்சாரம், ஆன்டெனா, அமைப்புகள் என்ற மூன்றையும் தீர்த்துக்கொண்ட பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். 100 வாட் டிரான்ஸீவர் கேட்கும்போது ஏறத்தாழ 1 அல்லது 1.5 ஆம்பியரும், அனுப்பும்போது 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். எனவே கேட்கும் நிலையில் மின்னழுத்தத்தை அளந்து 13.8 என்று திருப்தியடைவதில் பொருள் இல்லை. முழு ஆற்றலில் அனுப்பிக்கொண்டே, பவர் சப்ளையின் முனையில் அல்லாமல் கருவியின் பின்புறச் சொருகியில் அளக்க வேண்டும். இரண்டு மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர மொத்தம் நான்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லிஓம் தடை இருக்கும். 20 ஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இழப்பு ஏற்படும். அதே நீளத்துக்கு வீட்டு ஒயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் இழப்பு 1 வோல்ட்டை நெருங்கும். இதனுடன் ஃபியூஸ் பிடிப்பானில் களிம்பு ஏறியிருந்தால் மின்னழுத்தம் 12க்கும் கீழே இறங்கும். அப்போது பேச்சு உடைந்து கேட்கும், சிடபிள்யூ ஒலி குயில் கூவுவதுபோல் சுருதி மாறும், சில கருவிகள் பிடிடியை (அனுப்பும் பொத்தான்) அழுத்தியதும் அணைந்து மீண்டும் உயிர்பெறும்.

எந்த இடத்தில் இழப்பு என்பதைக் கண்டறிய எளிய வழி உண்டு. மல்டிமீட்டரைக் குறைந்த டிசி வோல்ட் அளவில் வைத்து, அனுப்பும்போது ஒவ்வொரு ஃபியூஸ் பிடிப்பானின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பிறகு ஒவ்வொரு இணைப்பானின் இரு பக்கங்களுக்கும் குறுக்கே அளந்துகொண்டே போக வேண்டும். ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கும் ஃபியூஸ் பிடிப்பானை அளக்கவே தேவையில்லை, தூக்கி எறியலாம். அடிக்கடி எரிகிறது என்பதற்காக ஃபியூஸின் ஆம்பியர் அளவைக் கூட்டுவது மட்டும் கூடவே கூடாது. பெரும்பாலான டிரான்ஸீவர்களில் மின்முனை மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸை எரித்துக் கருவியைக் காப்பதற்காக உள்நுழைவில் ஒரு டையோடு குறுக்கே வைக்கப்பட்டிருக்கும். முனை மாற்றிக் கொடுத்த பிறகு புதிய ஃபியூஸும் உடனே எரிகிறது என்றால், அந்த டையோடு தன்னைப் பலிகொடுத்துக் குறுக்கிணைப்பாகிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து ஆன்டெனா. டம்மி லோடில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கேள்வி இரண்டாகப் பிரிந்துவிடும். டம்மி லோடில் முழு ஆற்றலும் தெளிவான ஒலியும் வந்து, ஆன்டெனாவை இணைத்ததும் ஆற்றல் குறைந்தால் கருவி நலமாகவே இருக்கிறது. எஸ்டபிள்யூஆர் கூடும்போது தன்னைக் காத்துக்கொள்ள அதுவே ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. பிஎல்-259 இணைப்பானுக்குள் மழைநீர் இறங்கியிருப்பது, கோஆக்ஸியல் கேபிளின் பின்னல் கம்பி பச்சை பூத்திருப்பது, பற்றவைப்பு விட்டிருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆன்டெனாவில் மட்டும், அதுவும் சில பேண்டுகளில் மட்டும், ஆற்றலைக் கூட்டினால் ஒலி கரகரத்தால், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் ரேடியோ மின்னோட்டம் மைக் வழியாக உள்ளே நுழைகிறது என்று பொருள். இதற்கு மருந்து ஆன்டெனாவின் ஊட்டுமுனையில் ஒரு சோக். 31 அல்லது 43 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுகள் சுற்றினால் போதும். இந்தக் கோளாறுக்காக மைக் முன்பெருக்கியைப் பிரித்து மேய்ந்தவர்கள் உண்டு.

அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்எஃப் கெயின் (கேட்கும் திறனைக் கூட்டிக் குறைக்கும்) குமிழ் பின்னால் திரும்பியிருப்பது (எஸ் மீட்டர் முள் மேலே ஏறி அசையாமல் நிற்பது இதன் அடையாளம்), அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) போடப்பட்டிருப்பது, இரண்டாம் ஆன்டெனா முனை தேர்வாகியிருப்பது, ஸ்பிளிட் (கேட்பதும் அனுப்புவதும் வெவ்வேறு அலைவரிசையில்) இயக்கத்தில் இருப்பது ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்து பார்க்கலாம். ரீசெட் செய்தால் சேமித்த அலைவரிசைகள் அழிந்துவிடும் என்பதால் அவற்றை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சின்போது சாதாரண வாட் மீட்டர் 30 அல்லது 40 வாட்தான் காட்டுகிறது என்பது பழுதே அல்ல. அந்த மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. 100 வாட் என்பது உச்ச ஆற்றல்.

அறிகுறியிலிருந்து இடத்துக்கு

கருவிக்கு உள்ளேதான் பழுது என்று உறுதியான பிறகும் மூடியைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டிரான்ஸீவரில் சில பகுதிகள் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் பொதுவானவை, சில தனித்தனியானவை. எது வேலை செய்கிறது என்று பட்டியலிட்டால், வேலை செய்யும் பாதையில் உள்ள எல்லாப் பகுதிகளையும் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம். ஒரே ஒரு பேண்டில் மட்டும் கேட்கவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை என்றால் அந்தப் பேண்டுக்குரிய வடிகட்டியையோ அதைத் தேர்வுசெய்யும் ரிலே, டையோடு ஆகியவற்றையோ பார்க்க வேண்டும். எல்லாப் பேண்டிலும் நன்றாகக் கேட்கிறது, எதிலும் அனுப்பவில்லை என்றால் அலையியற்றியும் இடைநிலை வடிகட்டியும் நலமாக இருக்கின்றன. டிரைவர், இறுதி நிலை, அனுப்பும் மின்னழுத்தத்தைத் திறந்துவிடும் பகுதி ஆகியவற்றில் தேடலாம். சிடபிள்யூவில் முழு ஆற்றல் வந்து எஸ்எஸ்பியில் ஒன்றும் வராவிட்டால் இறுதி நிலையைத் தொடவே வேண்டாம். மைக், அதன் சுருள் கம்பி, மைக் முன்பெருக்கி, சமன்செய்த பண்பேற்றி என்ற வரிசையில் பார்த்தால் போதும். சுருள் கம்பி சொருகியை ஒட்டி உள்ளேயே அறுந்திருப்பது மிகவும் சாதாரணம்.

கேட்கும் திறன் குறைந்ததாகத் தோன்றினால் ஆன்டெனாவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் இரைச்சல் தெளிவாகக் குறைந்து, மாட்டியதும் ஏறினால், அந்தப் பேண்டின் இயற்கை இரைச்சலைக் கேட்கும் அளவுக்கு ரிசீவர் நலமாகவே இருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டர் உள்ளவர்கள் 50 மைக்ரோவோல்ட் கொடுத்து எஸ் மீட்டர் எஸ்9ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். எச்எஃப் பேண்டுகளில் எஸ்9 என்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு அதுதான். கேட்பது திடீரென்று மங்கி, ஒருமுறை பிடிடியை அழுத்தி விட்டதும் பழையபடி பலமாகக் கேட்டால், அனுப்பும் நிலைக்கும் கேட்கும் நிலைக்கும் இடையே மாற்றும் ரிலேயின் முனைகளில் படலம் படிந்திருக்கிறது. திறந்த வகை ரிலே என்றால் நல்ல வெள்ளைத் தாளில் கான்டாக்ட் கிளீனர் நனைத்து முனைகளுக்கு நடுவே இழுத்துத் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், பிறகு ரிலேயையே மாற்ற வேண்டியதுதான். மூடிய வகையாக இருந்தால் முதலிலேயே மாற்றிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூடியைத் திறந்தபின்

சர்வீஸ் மேனுவல் இல்லாமல் திறப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பழைய கருவிகளில் மாடலுக்கு மாடல் பெயர்பெற்ற நோய்கள் உண்டு. அவற்றை அறிந்திருந்தால் பல நாள் உழைப்பு மிச்சமாகும். கென்வுட் டிஎஸ்-440இல் அலைவரிசைக் காட்சியில் எண்களுக்குப் பதில் புள்ளிகள் மட்டும் தெரியும் பழுது பிரபலமானது. விசிஓ (அலைவரிசையை உருவாக்கும் அலையியற்றி) பகுதியை அதிராமல் பிடித்து வைப்பதற்காக ஊற்றிய பசை ஆண்டுகள் கடந்ததும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதே அதன் முக்கியக் காரணம். பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, அரிக்கப்பட்ட உதிரிகளை மாற்றி, மறுபடி சீரமைத்தால் சரியாகிவிடும். டிஎஸ்-850இல் சிறிய மேற்பரப்பு மின்பகு மின்தேக்கிகள் கசிந்து, சர்க்யூட் பலகையின் செம்புப் பாதைகளையே தின்றுவிடுகின்றன. இன்னும் இயங்குகிறது என்று விட்டுவைக்காமல் அவற்றை முன்கூட்டியே மாற்றுவதுதான் அறிவுடைமை. ஐகாம் ஐசி-751, ஐசி-745 ஆகியவற்றில் இயக்க நிரலே ஒரு லித்தியம் பட்டன் செல்லின் துணையோடுதான் நினைவகத்தில் நிற்கிறது. செல் தீர்ந்தால் கருவி மூளை இழந்ததாகிவிடும் என்பதால், மாற்றும்போது நினைவகத்துக்கு மின்சாரம் அறுபடாதபடி தற்காலிக இணைப்புக் கொடுத்துச் செய்ய வேண்டும். மற்றப் பெரும்பாலான கருவிகளில் பட்டன் செல் தீர்ந்தால் சேமித்த அலைவரிசைகள் மட்டுமே போகும்.

இடையிடையே வந்துபோகும் பழுதுகளுக்குப் பெரும்பாலும் பற்றவைப்பே காரணம். சூடாகும் உதிரிகளைச் சுற்றியும், கனமான உதிரிகளின் கால்களிலும், பலகையோடு பற்றவைத்த இணைப்பான்களிலும் வளையம்போல் விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், தட்டும் இடத்தில் பழுது வந்துபோவது வட்டத்தைச் சுருக்கிக் கொடுக்கும். சூடேறினால் மட்டும் வரும் பழுதுக்கு, முடி உலர்த்தியால் ஒரு பகுதியைச் சூடாக்கியும், குளிர்விக்கும் ஸ்பிரேயால் ஒவ்வோர் உதிரியாகக் குளிரவைத்தும் குற்றவாளியைப் பிடிக்கலாம். குமிழ்களில் கரகரப்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு விட்டுப் பலமுறை திருப்பினால் போதும். பலகை நனையும்படி அடிப்பது தூசியைச் சேறாக்கும்.

அலைவரிசைக் காட்சி துல்லியமாக இருக்கிறதா என்பதை அறிய, ஒரே மூல அலையியற்றியில் இயங்கும் நவீன கருவிகளுக்கு அழகான வழி ஒன்று உண்டு. கருவியை அரை மணி நேரம் சூடாக விட்டபின், 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி அல்லது சீனாவின் பிபிஎம் நேர சிக்னலை எடுத்துக்கொண்டு, யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) 9.999 மெகாஹெர்ட்ஸிலும், எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை) 10.001 மெகாஹெர்ட்ஸிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டிலும் 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரே சுருதியில் கேட்டால் கருவி சரி; வேறுபட்டால், வேறுபாட்டில் பாதிதான் பிழையின் அளவு. தொலைபேசியில் ஓர் ஒலிநிறமாலைச் செயலி இருந்தால் இதைச் சில ஹெர்ட்ஸ் துல்லியத்தில் பார்த்துவிடலாம்.

இறுதி நிலை டிரான்சிஸ்டர்கள்

இறுதி நிலை எரிந்துவிட்டது என்ற முடிவுக்கு வருவதற்கு முன், லீனியரிலிருந்து வரும் ஏஎல்சி (டிரான்ஸீவரின் ஆற்றலைத் தானாகக் கட்டுப்படுத்தும்) கேபிளைக் கழற்றிவிட்டு ஆற்றலை மீண்டும் அளக்க வேண்டும். அந்தக் கம்பியில் தேவையில்லாமல் வரும் எதிர்மின்னழுத்தம் முழு ஆற்றலையும் அமுக்கிவிடும்.

உண்மையிலேயே எரிந்திருந்தால், புதிய டிரான்சிஸ்டரை மாட்டுவது கடைசி வேலை. முதலில் பயஸ் (சிக்னல் இல்லாதபோது ஓட வேண்டிய மின்னோட்டத்தை நிர்ணயிக்கும்) பகுதி சரியான மின்னழுத்தம் கொடுக்கிறதா, டிரைவர் டிரான்சிஸ்டர்கள் பிழைத்திருக்கின்றனவா, வெளியேறும் வழியிலுள்ள வடிகட்டி ரிலேக்கள் கருகியிருக்கின்றனவா என்று பார்க்காமல் மாட்டினால், புதியதும் அதே வழியில் போகும். இரட்டையாக வேலை செய்பவற்றை இரட்டையாகவே மாற்ற வேண்டும். 2எஸ்சி2879 போன்ற உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டர்களுக்குச் சந்தையில் போலிகள் ஏராளம்; விலை மலிவாக இருப்பதே முதல் எச்சரிக்கை. பழைய ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்ஸைடு இருக்கக்கூடும். அதை உடைப்பதோ அராவுவதோ நுரையீரலுக்குப் பெரும் கேடு.

பயஸ் அமைப்பதை, ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் டிரான்ஸீவரைக் கொண்டு விளக்கலாம். நம் நாட்டு ஹாம்கள் பலர் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதன் இறுதி நிலையில் இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டுகள் உள்ளன. டம்மி லோடை இணைத்து, பயஸ் டிரிம்மர்கள் இரண்டையும் மிகக் குறைந்த இடத்துக்குத் திருப்பி, மைக்கில் எந்த ஒலியும் போகாமல் பிடிடியை அழுத்தி, இறுதி நிலைக்கான மின்னோட்டத்தை மீட்டரில் பார்த்துக்கொண்டே முதல் டிரிம்மரை 100 மில்லிஆம்பியர் கூடும்வரையிலும், பிறகு இரண்டாவதை மேலும் 100 மில்லிஆம்பியர் கூடும்வரையிலும் மெதுவாகத் திருப்ப வேண்டும். இந்த மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது என்பதால், ஹீட் சிங்க் கருவியின் உடலைத் தொடுமானால் நடுவே மைக்கா அல்லது சிலிக்கோன் தகடு இருந்தே ஆக வேண்டும். 100 வாட் கருவிகளிலும் முறை இதுவே. மில்லிஆம்பியர் அளவை மட்டும் அதனதன் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வால்வு லீனியர்: திறப்பதற்கு முன்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் கருவி போகும். வால்வு லீனியரில் தவறினால் ஆள் போவார். எஸ்பி-220ஐ எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 3000 வோல்ட் மின்னழுத்தம், 200 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் எட்டைத் தொடராக இணைத்த வரிசையில் நிற்கிறது. மொத்தக் கொள்ளளவு 25 மைக்ரோஃபாரட். தேங்கியிருக்கும் ஆற்றல் 110 ஜூலுக்கு மேல். ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் 30 கிலோஓம் மின்தடை ஒன்று உண்டு. மின்னழுத்தத்தைச் சமமாகப் பிரிப்பதும், அணைத்த பிறகு தேக்கத்தை வடிப்பதும் அதன் வேலை. எட்டும் நலமாக இருந்தால் அரை நிமிடத்தில் மின்னழுத்தம் ஆபத்தற்ற அளவை நெருங்கும். ஒன்று அறுந்திருந்தாலும் அது வடிக்க வேண்டிய மின்தேக்கியின் தேக்கம் வடியாமல் நிற்கும். அணைத்து நேரமாகிவிட்டதே என்ற நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கி, அந்தப் பிளக் கண்ணெதிரே கிடக்கும்படி வைக்க வேண்டும். முன்பக்க மீட்டரில் உயர் மின்னழுத்தம் பூச்சியத்துக்கு இறங்குவதைப் பார்த்து, மேலும் சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு மூடியைக் கழற்ற வேண்டும். நீண்ட காப்புப் பிடியின் முனையில் உலோகக் கொக்கி பொருத்தி, கொக்கியிலிருந்து தடித்த கம்பியைச் சேஸியோடு (கருவியின் உலோக உடல்) இறுக்கமாகப் பிணைத்த தடி ஒன்று அவசியம். அந்தப் பாதையில் சில நூறு ஓம் உயர்வாட் மின்தடை வைத்து முதலில் மெதுவாக வடித்து, அதன்பின் நேரடியாகச் சேஸியோடு தொட வேண்டும். வேலை முடியும்வரை அந்த இணைப்பை எடுக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் உயர் மின்னழுத்தத்தைச் சேஸியோடு குறுக்கிணைக்கும் பாதுகாப்பு அமைப்பைக் கட்டிப்போட்டுவிட்டு வேலை செய்வதும், சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளை 3000 வோல்ட்டில் வைப்பதும் தற்கொலைக்குச் சமம். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கும்போது, மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் லீனியரைத் திறப்பதைவிடப் பழுதோடு ஒரு வாரம் விட்டுவைப்பது மேல்.

லீனியரில் காணும் பழுதுகள்

லீனியரை அணைத்துவிட்டு டிரான்ஸீவரை மட்டும் அதன் வழியாக இயக்கிப் பார்ப்பது முதல் சோதனை. டம்மி லோடில் எஸ்டபிள்யூஆர் கூடுதலாகக் காட்டினாலோ, கேட்பது மங்கினாலோ, ஆன்டெனா ரிலேயின் முனைகளே காரணம். ரிலே மாறுவதற்கு முன்னரே டிரான்ஸீவர் ஆற்றலை அனுப்பிவிட்டால் முனைகளுக்கிடையே பொறி பறந்து அவை விரைவில் கருகும். புதிய டிரான்ஸீவர்களின் பட்டியலில் உள்ள டிஎக்ஸ் டிலே (அனுப்பத் தொடங்கும் தாமதம்) அளவை 20 அல்லது 25 மில்லிசெகண்டாக வைத்தால் பழைய, மெதுவான ரிலேக்களுக்கு நேரம் கிடைக்கும். எஸ்பி-220இன் ரிலேக் கட்டுப்பாட்டு முனையில் 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி நிற்பதால், அதை நவீன டிரான்ஸீவரோடு நேரடியாக இணைத்தால் டிரான்ஸீவரின் சிறிய ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். இடையில் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டைச் சேர்ப்பது கட்டாயம்.

டிரைவ் இல்லாமல் ரிலேயை இழுத்தால் ஓட வேண்டிய பிளேட் மின்னோட்டம் உங்கள் நோட்டில் இருக்கும். அது பூச்சியமாக இருந்தால் ஃபிலமென்ட் எரிகிறதா, உயர் மின்னழுத்தம் இருக்கிறதா, கேத்தோடு பாதையிலுள்ள பயஸ் ஜீனர் டையோடு அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிக அதிகமாக இருந்தால் ஜீனர் குறுக்கிணைந்திருக்கலாம். எஸ்பி-220இல் உள்ள 5 வோல்ட் அளவிலான ஜீனருக்குப் பதிலாக 1என்5408 டையோடுகள் ஏழைத் தொடராக, முன்னோக்கிய திசையில் இணைப்பது விலை குறைந்த, உறுதியான மாற்று.

3-500 இசட் வால்வின் ஃபிலமென்டுக்கு 5 வோல்ட்டும் 14.6 ஆம்பியரும் தேவை. மின்னழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மரில் அளக்காமல் வால்வு சாக்கெட்டின் பின்களிலேயே, உயர் மின்னழுத்தம் முழுவதும் துண்டிக்கப்பட்ட நிலையில், அளக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் வால்வின் ஆயுள் குறையும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகளில் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருள்கள் 120 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், வாங்கியதும் 240 வோல்ட் இணைப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே நம் ஊர் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்.

இந்த வால்வின் பிளேட் மங்கிய சிவப்பாக ஒளிர்வது பழுதல்ல. உள்ளே மிஞ்சிய வாயுவை உறிஞ்சும் பூச்சு பிளேட்டின் மேலேயே இருப்பதால், அது சூடானால்தான் வேலை செய்யும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த வால்வுக்கு முழு மின்னழுத்தத்தை எடுத்ததும் கொடுத்தால் உள்ளே பொறி பறந்து, டையோடுகளையும் மீட்டர்களையும் கூட்டிக்கொண்டு போகும். பல மணி நேரம் ஃபிலமென்டை மட்டும் எரியவிட்டு, பிறகு குறைந்த மின்னழுத்தத்தில் பிளேட் மெல்லச் சூடாகும்படி இயக்கி, படிப்படியாக ஏற்ற வேண்டும். உயர் மின்னழுத்தப் பாதையில் 10 முதல் 50 ஓம் வரையிலான ஒயர்வவுண்ட் மின்தடை ஒன்றைச் சேர்த்திருந்தால் அத்தகைய பொறியின் சேதம் பெரிதும் குறையும். நெடுங்காலம் மின்சாரம் காணாத மின்பகு மின்தேக்கிகளுக்கும் இதே பொறுமை தேவை. வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக, ரேடியோ மெக்கானிக்குகள் வழக்கமாகப் பயன்படுத்தும் சீரிஸ் பல்பையும் சேர்த்து, சில மணி நேரத்தில் மின்னழுத்தத்தை ஏற்றுவது நல்லது. ஆனால் முப்பது நாற்பது வயதான மின்தேக்கிகளை மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

மின்விசிறி நின்றால் இந்த வால்வின் பின்களில் உள்ள சால்டர் உருகி வழியும். காற்று சாக்கெட்டின் வழியாகவும் வீச வேண்டும். உயர் ஆற்றலில் பேசி முடித்ததும் உடனே அணைக்காமல் சில நிமிடங்கள் விசிறி ஓட விட வேண்டும். டியூன் செய்யும்போது நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பது, அனுப்பிக்கொண்டே பேண்டு சுவிட்சைத் திருப்புவது ஆகிய இரண்டு பழக்கங்களே பேண்டு சுவிட்சுகளைக் கருக்குகின்றன. உச்ச ஆற்றலுக்கு டியூன் செய்தபின் லோட் குமிழைச் சற்றுக் கூடுதல் சுமைப் பக்கம் நகர்த்தி வைத்தால் கிரிட் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும், சிக்னலும் பக்கத்து அலைவரிசைகளில் சிதறாது.

எல்டிமாஸ் டிரான்சிஸ்டர் கொண்ட புதிய லீனியர்களுக்கு இத்தனை சடங்குகள் இல்லை. ஆனால் மன்னிப்பும் இல்லை. வால்வு சில நொடி அதிக டிரைவைத் தாங்கும், எல்டிமாஸ் தாங்காது. சில டிரான்ஸீவர்கள் ஆற்றலைக் குறைத்து வைத்தாலும் முதல் அசையில் முழு ஆற்றலை ஒரு கணம் துப்பும். அத்தகையவற்றுக்கும் லீனியருக்கும் நடுவே அட்டனுவேட்டர் வைப்பது மலிவான காப்பீடு.

மழையும் தூசியும் பல்லியும்

கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்பான்களை அரிக்கும். வெளியில் உள்ள ஒவ்வோர் இணைப்பின் மீதும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றி, அதன்மேல் வினைல் நாடாவைச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து நீர் சொட்ட விட வேண்டும். அடைமழைக் காலத்தில் கருவியை வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் இயக்குவதே ஈரப்பதத்துக்கு நல்ல மருந்து. லீனியருக்குள் பல்லி புகுந்து உயர் மின்னழுத்தப் பகுதியில் குறுக்கே விழுந்து இறப்பது நம் பக்கத்தில் நடக்கும் விபத்துதான். காற்றோட்டத்தைத் தடுக்காத உலோக வலையைத் திறப்புகளில் பொருத்த வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் தளர்த்தி உறிஞ்சியால் எடுக்கும்போது, விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டால் தாங்குருளை கெடும், சிறிய விசிறிகள் மின்சாரத்தையும் உண்டாக்கும்.

இடி வரும் நாளில் கேபிளைக் கழற்றிக் கருவியின் அருகிலேயே தொங்கவிடுவதில் பயன் இல்லை. அதைச் சன்னலுக்கு வெளியே எர்த் செய்த தகட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பவர் பிளக், ஆன்டெனா சுழற்றியின் கம்பி, கணினியோடு இணைந்த யுஎஸ்பி, லேன் கம்பிகள் ஆகிய எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடப் போகாமல் மேகம் திரளும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

பழுது உங்கள் கைக்கு மீறியது என்று தெரிந்து வேறோர் ஊருக்கு அனுப்பும்போது, என்ன அறிகுறி, எந்தெந்தப் பேண்டில், எந்த மின்னழுத்தத்தில், அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கருவியோடு வையுங்கள். நோட்டில் உள்ள பழைய அளவுகளின் நகலையும் சேருங்கள். திருப்பிய டிரிம்மர்கள் ஏதேனும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வால்வு லீனியராக இருந்தால் வால்வுகளைக் கழற்றித் தனிப்பெட்டியில் நிமிர்ந்த நிலையில், சுற்றிலும் மெத்தை வைத்து அனுப்ப வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரையும் கழற்றி இன்னொரு பெட்டியில் அனுப்புங்கள். அதன் எடை ஒரு குலுக்கலில் சேஸியையே வளைத்துவிடும். கழற்றிய கம்பிகள் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய நாடாவை ஒட்டி, பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் உடன் அனுப்ப வேண்டும்.